வெளியே வராத பென்சில்

ஸ்கார்விக், 5 செப்டம்பர் 1999

அன்புள்ள ரூனெ மாமா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதன் முதல் பக்கத்திலும் இதையே எழுதியிருக்கிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் அணுமின் நிலையத்தை வரும் நவம்பர் 26ஆம் தேதி நிரந்தரமாக நிறுத்துகிறார்கள். தலைநகரில் முடிவு செய்துவிட்டார்கள். ஊர் மன்றத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம். நிலையத்தின் கதையை எழுதும் வேலையை எங்கள் ஏழாம் வகுப்பில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கையைத் தூக்கியது நான் மட்டும்தான்.

நூலகத்தில் இருந்த எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டேன். அணு எப்படிப் பிளக்கிறது, நீராவி எப்படிச் சுழலியைச் சுற்றுகிறது என்பதெல்லாம் இருக்கிறது. அந்தச் சுவர்களுக்குப் பலகை அடித்தவர் யார் என்பது எதிலும் இல்லை. அது நீங்கள்தான் என்று அம்மா சொன்னாள்.

அப்பாவிடம் கேட்டேன். "எதுவா இருந்தாலும் தேதியோட கேளு, சொல்றேன். ரூனெ பத்தி மட்டும் கேக்காத" என்றார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை வேண்டுமென்றே வேகமாகத் திறந்தாள்.

நீங்கள் வடக்கே போனபோது எனக்குப் பத்து வயது. உங்கள் நீலக் கோப்பை இன்னும் அதே கொக்கியில்தான் தொங்குகிறது. அதில் யாரும் காப்பி குடிப்பதில்லை. வாரம் ஒருமுறை அம்மா அதைக் கழுவி மறுபடி மாட்டுகிறாள். இதையும் எழுதுவதா என்று யோசித்தேன். உண்மைதானே, எழுதிவிட்டேன்.

பதில் போடுவீர்களா?

அன்புடன்,
ஆல்வா


யோக்கனெஸ் அணை, 19 செப்டம்பர்

ஆல்வா,

எனக்குக் கடிதம் எழுத வராது. இந்தத் தாள் அணைக்கட்டு அலுவலகத்தில் எடுத்தது. பின்பக்கம் நீர்மட்டக் கணக்கு அச்சடித்திருக்கும், அதைக் கண்டுகொள்ளாதே.

கேட்டாய், சொல்கிறேன். 1968 வசந்தத்தில் வந்தேன். வயது இருபத்தொன்று. அங்கே பாறையும் காற்றும் கடற்காக்கைகளும்தான் இருந்தன. நான் சென்ட்ரிங் தச்சன். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகைக் கூடு அடிப்பது என் வேலை. உலை நிற்கும் கட்டடத்தின் சுவரை ஊற்றத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஒட்டு விழும், ஒட்டு இருக்கும் இடத்தில் ஒருநாள் விரிசல் விடும். ஆகவே பதினாறு நாள் மூன்று ஷிப்டாக ஊற்றினோம். கூடு மணிக்கு முக்கால் சாண் மேலே ஏறும். நாங்களும் அதோடு ஏறினோம். முதல் நாள் தரையில் நின்று காப்பி குடித்தவன், கடைசி நாள் அறுபது மீட்டர் உயரத்தில், கடற்பறவையின் முதுகைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். அந்தக் காப்பிபோல் இன்றுவரை குடித்ததில்லை.

எழுபதில் உன் அப்பன் வந்தான். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையிலிருந்து நேராக. நிலையத்தை இயக்கக் கப்பல்காரர்களைத்தான் தேடி எடுத்தார்கள். எங்கள் கொட்டகையில் எனக்குப் பக்கத்துக் கட்டில். தரை ஆடவில்லை என்று அவனுக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை நடனத்துக்கு என் தங்கை வந்தாள். "யாருடா அது?" என்றான். "என் தங்கச்சி. கால மிதிச்சா உன்ன கான்கிரீட்ல வச்சு ஊத்திடுவேன்" என்றேன். மிதித்தான். அவள் சிரித்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பலகையின் உட்பக்கம் என் பென்சிலால் பெரிதாக எழுதினேன்: ஹோகான், குனில்லா. பலகையில் எழுதினால் கான்கிரீட்டில் இடவலம் மாறிப் பதியும். உலைக்குக் கீழே வடக்குச் சுவரில் உன் அம்மா அப்பா பெயர் இன்னும் இருக்கிறது. உலை ஓடத் தொடங்கிய பிறகு அங்கே எவனும் போக முடியாது. போகாமலே இருக்கட்டும்.

உன் அப்பனைப் பற்றி இனி எழுத வைக்காதே.

ரூனெ


ஸ்கார்விக், 3 அக்டோபர்

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அம்மா நின்றுகொண்டே படித்தாள். சுவரில் பெயர் இருக்கும் செய்தி அவளுக்கே தெரியாது. "பாவி, இருபத்தொம்பது வருஷமா சொல்லலையே" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசிப் பொத்தானை அழுத்த அப்பாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஷிப்டுத் தலைவர்களில் அவர்தான் மூத்தவர், முதல்நாள் இயக்கியபோதும் அந்த அறையில் இருந்தவர். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய கறுப்புக் காலணி இப்போதே மெருகேற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

நேற்று வெந்நீர் வாய்க்காலுக்குப் போனேன். நிலையத்திலிருந்து வெதுவெதுப்பான நீர் கடலில் விழுகிற இடம். அக்டோபரில் நீங்கள் என்னை அங்கே நீந்தக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? கரையில் உறைபனி, தண்ணீர் மட்டும் குளியல் தொட்டி போல. தலைமுடியில் பனி பிடித்து, நம் இருவருக்கும் வெள்ளைத் தொப்பி போட்டது போலிருந்தது. குளிர்காலம் முழுக்க அன்னங்கள் அங்கேயே தங்கும். இந்த ஆண்டு கடல் உறைந்தால் அவை எங்கே போகும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அதுங்களுக்கு யாரும் அறிவிப்பு அனுப்பல" என்றார்.

எங்கள் வீட்டுப் பேச்சு மாறவில்லை. நிலையத்தில் ஒருவர் சொன்ன உத்தரவை மற்றவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும் அல்லவா? எல்லாக் குடும்பங்களிலும் உப்பு, வெண்ணெய் வரைக்கும் அது வந்துவிட்டது.

"ஆல்வா, வெண்ணெய இந்தப் பக்கம் தள்ளு."

"வெண்ணெய அந்தப் பக்கம் தள்றேன்."

"சரி."

வகுப்பில் ஒருமுறை டீச்சர் சன்னலை மூடச் சொன்னபோது நிலையத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் ஒரே குரலில் "சன்னல மூடறேன்" என்றோம். புதிதாக வந்த டீச்சர், கிண்டல் செய்கிறோம் என்று நினைத்து அழுதுவிட்டார்.

இன்னொன்றும் மாறவில்லை. அப்பா பென்சிலைத் தொலைபேசிப் புத்தகத்தின் முதுகு இடுக்கில்தான் சொருகுகிறார். தடித்த புத்தகத்தை விரித்தால் முதுகுக்கும் தாளுக்கும் நடுவே குழாய் போல இடைவெளி வருமே, அதில். புத்தகம் பாழாகிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "கப்பல்ல மேசை ஆடும். வெளிய வச்சா உருண்டுடும்" என்கிறார். இருபத்தொன்பது வருடமாக எந்த மேசையும் ஆடவில்லை.

மாமா, ஒன்று கேட்கவா? கோபம் வந்தால் பதில் போட வேண்டாம். அந்தப் பென்சில் விஷயத்தில் என்னதான் நடந்தது? ஊரில் எல்லாரும் தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பென்சில் மரம்தானே, மிதக்காதா? வாளியில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது.

அன்புடன்,
ஆல்வா


யோக்கனெஸ், 14 அக்டோபர்

ஆல்வா,

கோபம் வந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். ஊரார் சொல்வதை உன் பச்சை நோட்டில் ஏற்றிவிடுவாய் என்பதால்.

என் பென்சில் மிதக்காது. சுண்டுவிரல் நீளத் துண்டு, தட்டையான தச்சன் பென்சில். கடை முனைக்கு நானே பித்தளையில் மூடி கடைந்து போட்டிருந்தேன். 68 முதல் என் காதில்தான் இருந்தது. தேயத் தேய மூடியைக் கழற்றி அடுத்த பென்சிலுக்குப் போடுவேன்.

கட்டி முடிந்த பிறகும் நிலையத்துத் தச்சனாகவே இருந்துவிட்டேன். 1996 ஆகஸ்ட், வருடாந்திரப் பராமரிப்பு. உலையின் மூடியைத் திறந்து மேலே தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அந்தக் கூடத்துக்குள் போகிறவன், எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு முன்னால் இருக்கும் மேசையில் நிற்க வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் ஒவ்வொன்றையும் பெரிய பதிவேட்டில் எழுதுவார்கள். கண்ணாடி, டார்ச், மோதிரம். உள்ளே ஒரு கட்டம், வெளியே ஒரு கட்டம். உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் அது தண்ணீருக்குள் விழுந்ததாக அர்த்தம். எரிபொருள் குழாய்களுக்கு நடுவே சிக்கி, நீரோட்டத்தில் உராய்ந்து உராய்ந்து ஓட்டை போட்டுவிடும். விளையாட்டில்லை.

நான் வெளியே வந்தபோது மேசைக்காரன் காப்பி குடிக்கப் போயிருந்தான். அவன் நாற்காலியில் உன் அப்பன் உட்கார்ந்திருந்தான். பென்சிலைக் கொடுத்தேன். "ஒரு பென்சில், வெளியே" என்றேன். அவன் வாங்கி, சத்தமாகத் திருப்பிச் சொன்னான். நான் 'சரி' சொல்லிவிட்டுப் போனேன்.

மாலையில் கணக்குப் பார்த்தால் என் கட்டம் காலி. ஹோகான் என்ன சொன்னான் தெரியுமா? "இவன் எங்கிட்ட எதுவும் கொடுக்கல. கொடுத்திருந்தா நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். சொல்லல" என்றான். விசாரணை அறையில், எட்டுப் பேர் முன்னால், என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

பதினோரு நாள் தண்ணீருக்குள் கேமராவை விட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கூடத்துக்குள் போகும் என் அனுமதி அட்டையைப் பறித்தார்கள். என் கையால் கூடு அடித்த கட்டடம் அது. என்னைப் புல்வெளி பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். பொய்யன் என்று அவனைச் சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

இதுதான். அவன் போய்ப் பொத்தானை அழுத்தட்டும்.

ரூனெ


ஸ்கார்விக், 24 அக்டோபர்

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. இங்கே நான்கு நாளாக மழை. கண்காட்சிக்குப் பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. அம்மா நலம். அப்பாவுக்குக் கொஞ்சம் சளி. பிர்ச் மரங்களில் இலை முழுக்க உதிர்ந்துவிட்டது.

அன்புடன்,
ஆல்வா


யோக்கனெஸ், 31 அக்டோபர்

ஆல்வா,

வானிலை அறிக்கை வானொலியிலேயே வருகிறது. அதற்கு நீ தபால்தலை ஒட்ட வேண்டாம்.

என்ன நடந்தது? நான் எழுதியதில் மனம் நொந்துவிட்டதா? உன் அப்பனை உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பதிமூன்று வயதுப் பெண்ணிடம் யார் இதையெல்லாம் சொல்வார்கள், மடையன் நான்.

இங்கே ஆறு ஓரத்தில் உறைய ஆரம்பித்துவிட்டது. பார், நானும் வானிலை எழுதுகிறேன்.

ரூனெ


ஸ்கார்விக், 7 நவம்பர்

அன்புள்ள மாமா,

நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பச்சை நோட்டிலும் அந்த நாளுக்கான பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. இப்போது இரண்டு இடத்திலும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 20ஆம் தேதி, பள்ளி விட்டதும் ஊர் மன்றத்துக்குப் போனேன். நிலையத்திலிருந்து ஐந்து பெட்டிகள் வந்திருந்தன. எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து, சுத்தமானவை என்று பச்சைச் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது பெட்டியில் கயிற்று மேசையின் பதிவேடுகள். 1996 என்று முதுகில் எழுதியிருந்ததை எடுத்தேன். உங்கள் பெயரைத் தேடினேன். இருந்தது. உள்ளே: ஒரு பென்சில். வெளியே: காலி. அந்தக் காலிக் கட்டத்தைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

புத்தகத்தை மூடினேன். உங்கள் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. அப்பாவின் நாற்காலி, அப்பாவின் கை, தடித்த புத்தகம். எனக்கு எங்கள் தொலைபேசிப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

பதிவேட்டை நடுவில் விரித்து, முதுகுக் குழாய்க்குள் பார்த்தேன். இருட்டாக இருந்தது. தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினேன். பித்தளை மூடி முதலில் எட்டிப் பார்த்தது.

மாமா, பதினோரு நாள் தண்ணீருக்குள் தேடியது, அது காணவில்லை என்று எழுதியிருந்த புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் கை சொருகியது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தினமும் எங்கள் வீட்டில் பார்க்கிறேனே. ஆனால் நீங்கள் கொடுத்தீர்கள் என்பது உண்மை. நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. உங்களுக்கு நடந்தது அநியாயம்.

பென்சில் என் காலுறைக்குள், மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதினெட்டு நாள் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நவம்பர் 26 அன்று அப்பாவை அந்த அறைக்குள்ளேயே விடாமல் போகலாம். காலணியை அவர் மறுபடி மெருகேற்றியிருக்கிறார். சொல்லாவிட்டால் நீங்கள் எப்போதும் வடக்கிலேயே இருப்பீர்கள், கோப்பை கொக்கியிலேயே தொங்கும். முதல் பக்கத்தில் அவ்வளவு பெரிதாக உண்மை என்று எழுதியவள், ஒரு காலுறையைத் திறக்கப் பயப்படுகிறேன்.

நான் என்ன செய்ய?

ஆல்வா


யோக்கனெஸ், 13 நவம்பர்

ஆல்வா,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாள் ஆகிறது. இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது நன்றாக இல்லை.

'நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் என் தூக்கம் போயிற்று. எல்லாம் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைக் காப்பிக்குத்தான் இலவங்கப்பட்டை போட்ட சுருள் பன் வரும். கீழே மணி அடித்துவிட்டது. பென்சிலை ஹோகான் கையில் வைத்தேன். "ஒரு பென்சில், வெளியே" என்றேன். அதே நொடி மேசையில் தொலைபேசி அடித்தது. அவன் அதை எடுத்தான். திருப்பிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லும்வரை கொடுத்தவன் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் விதி. நான் நிற்கவில்லை. பன் ஆறிவிடும் என்று போய்விட்டேன்.

விசாரணையில் கேட்டார்கள்: "திருப்பிச் சொன்னாரா?" இல்லை என்றால் பாதித் தவறு என்னுடையதாகும். "சொன்னான், சத்தமா சொன்னான்" என்றேன். மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி, போன மாதம் உனக்கும் அப்படியே எழுதினேன்.

தான் திருப்பிச் சொல்லவில்லை என்பது ஹோகானுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஆள் தூக்கத்தில்கூடத் திருப்பிச் சொல்லாமல் எதையும் வாங்க மாட்டான். ஆகவே நான் அதில் பொய் சொல்கிறேன் என்று தெரிந்ததும், கொடுத்தேன் என்பதையும் பொய் என்று எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? நான் சொன்ன ஒரு பொய், என் உண்மையையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

அவனிடம் பென்சிலைக் காட்டு. இந்தக் கடிதத்தையும் காட்டு. இரண்டையும் சேர்த்துக் காட்டு, ஒன்றை மட்டும் காட்டாதே. முடிவை அவன் எடுக்கட்டும்.

வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வருவேனா என்று தெரியவில்லை. 26ஆம் தேதி எனக்குப் பகல் ஷிப்டு. அணைக்கட்டு இயக்க அறையின் எண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதியிருக்கிறேன்.

ரூனெ


ஸ்கார்விக், 28 நவம்பர் 1999, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது

அன்புள்ள மாமா,

இதில் பாதி உங்களுக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து உங்களால் பார்த்திருக்க முடியாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாப்பிட்டு முடித்ததும் பென்சிலையும் கடிதத்தையும் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முதலில் பென்சிலைத் தொடவில்லை, கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இத எங்கருந்து எடுத்த?"

"பதிவேட்டோட முதுகுல இருந்துப்பா."

அவர் எழுந்து போய்த் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்துவந்தார். அதன் முதுகிலிருந்து தன் பென்சிலை உருவினார். உங்கள் பென்சிலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு நாள் தண்ணிக்குள்ள தேடினேன்" என்றார் கடைசியில்.

"பென்சிலத் தேடினீங்க" என்றாள் அம்மா. "மூணு வருஷமா எங்கண்ணனத் தேடல."

மறுநாள் காலை அப்பா நிலைய மேலாளர் எக்கெலுண்ட் அம்மையாரிடம் போய், நடந்ததை எல்லாம் சொல்லி, பொத்தானை வேறு யாராவது அழுத்தட்டும் என்றிருக்கிறார். "ஹோகான், மூணு வருஷம் கழிச்சுத் தப்ப ஒத்துக்கிட்டு வர்ற ஆளத்தான் எனக்கு அந்த நாற்காலியில வேணும். போய் வேலையப் பாருங்க" என்றாராம் அவர்.

உங்களுக்கு உடனே போன் செய்யச் சொல்லி அம்மா பத்து நாளும் கேட்டாள். அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வீட்லருந்து சொன்னா அது வீட்டு விஷயம். எங்க அவன அவமானப்படுத்தினேனோ அங்கருந்துதான் சொல்லணும்." அம்மா நம்பவில்லை. பயந்து தள்ளிப்போடுகிறார் என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. குடும்பங்களை எல்லாம் இயக்க அறைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாடத்தில் நிற்கவைத்தார்கள். கீழே பேசுவது எங்களுக்குக் கேட்க ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களும் வந்திருந்தார்கள். அந்த விசாரணையில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேரை அம்மா எனக்கு விரலால் காட்டினாள். உலையின் சக்தியைக் காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்திருந்தார்கள். கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி.

அப்பா பொத்தானுக்குப் போகவில்லை. ஊர் மன்றத்திலிருந்து கொண்டுவந்திருந்த 1996 பதிவேட்டை மேசையில் விரித்தார்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பதிவு ஒண்ணு இருக்கு" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். ஓரத்தில் நீங்கள் எழுதி அடித்து மறுபடி எழுதிய அந்த எண்ணை, கடிதத்தைப் பார்த்துச் சுழற்றினார்.

"ரூனெ? ஹோகான் பேசறேன். ஸ்கார்விக் இயக்க அறையிலருந்து. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க." அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு பென்சில், வெளியே. நீ கொடுத்த. நான் வாங்கினேன். திருப்பிச் சொல்லாம விட்டேன்."

பிறகு நீங்கள் பேசினீர்கள். உங்கள் குரல் எங்களுக்குக் கேட்காது. அப்பா நீண்ட நேரம் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கம் விடுமா, அத்தனையையும் திருப்பிச் சொன்னார்:

"நீ நிக்காமப் போயிட்ட. பன் ஆறிடும்னு போன. விசாரணையில நீ சொன்னது பொய்."

பின்னால் ஒரு கிழவர் "அட!" என்றார். அம்மா என் கையை நசுக்கினாள்.

"அந்தப் பன்னும் நல்லா இல்ல" என்று அப்பா திருப்பிச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, அடுத்ததைச் சொன்னார்: "பன்னெண்டாம் தேதி ரயில்ல வர்ற. நான் ஸ்டேஷனுக்கு வரணும். வீட்ல உருளைக்கிழங்கு உருண்டையும் லிங்கன்பெர்ரிப் பழ ஜாமும் இருக்கணும். பத்து உருண்டை. எட்டு இல்ல, பத்து."

மாடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கன்னம் முழுக்க ஈரம். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னது ஒரே சொல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது 'சரி' என்று நினைக்கிறேன். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, வெளியே என்ற கட்டத்தில் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டார். இரண்டு மணி பதினாறு நிமிடம். எழுதியது உங்கள் பென்சிலால்.

பிறகு பொத்தானை அழுத்தினார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, மாமா. முள் இறங்கியது. இறங்கி, பூஜ்யத்தில் கொஞ்சம் துடித்து, நின்றது. பிறந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ரீங்காரம் இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது.

விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தன. இனி இங்கே மின்சாரம் வடக்கேயிருந்து வருகிறது என்று ஒருவர் எக்கெலுண்ட் அம்மையாரிடம் சொன்னார். உங்கள் ஆறு என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று வெந்நீர் வாய்க்காலுக்கு அப்பாவோடு போனேன். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், மற்ற இடம் போலவே குளிர்ந்திருந்தது. அன்னங்கள் இன்னும் போகவில்லை. ஏதோ தாமதம் என்று நினைத்துக் காத்திருப்பது போல் கரையோரம் நின்றன. அப்பா ரொட்டி கொண்டுவந்திருந்தார். யாருக்கும் சொல்லாதே என்றார். நான் எதையும் மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உலைக் கட்டடத்தை உடைத்து முடிக்க இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் ஆகுமாம். வடக்குச் சுவரை அடைய அதற்குள் யாராலும் முடியாது. அந்தப் பெயர்களை முதலில் படிக்கப்போவது யாரோ ஒரு வேலைக்காரர், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். ஹோகான் யார், குனில்லா யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தை அவருக்கென்று எழுதியிருக்கிறேன்.

இன்று எல்லா வீட்டுச் சன்னலிலும் ஏழு சுடர் விளக்கு ஏற்றிவிட்டார்கள். உங்கள் அறைச் சன்னலிலும் ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் மெத்தையை அப்பாவே வெளியே எடுத்துப்போய் உதறினார். நீலக் கோப்பை கொக்கியில் இல்லை. மேசை மேல் இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே.

இப்போது மணி ஒன்பது. அப்பா வாசலில் நிற்கிறார்.

"ஆல்வா, வெளக்க அணைக்கப்போறேன்."

"வெளக்க அணைக்கப்போறீங்க."

"சரி."

கடைசி வரியைச் சன்னல் சுடர்களின் வெளிச்சத்தில் எழுதுகிறேன்: விளக்கை அணைத்துவிட்டார்.

ஆல்வா